ரங்கூன் மேசையில் இரண்டு தேநீர்

ரங்கூனில் எந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தாலும், நாம் எதுவும் கேட்பதற்கு முன்பே மேசைக்கு ஒரு தேநீர் வந்துவிடும். பழைய கடையாக இருந்தால் கெண்டியில் வரும், இப்போதெல்லாம் பெரும்பாலும் பிளாஸ்க்கில். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. வெளிர் மஞ்சள் நிறம், லேசாகப் புகை வாசம், கொஞ்சம் துவர்ப்பு. மேசை நடுவே ஒரு கிண்ணத் தண்ணீரில் கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகள் கிடக்கும். ஒன்றை எடுத்து உதறிவிட்டு நாமே ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். பர்மியர்கள் இதை யேன்வேஜான் என்பார்கள். இதற்குக் காசு இல்லை. தீர்ந்தால் இன்னொன்று கொண்டுவந்து வைப்பார்கள்.

அதற்கு அப்புறம்தான் காசு கொடுத்துக் குடிக்கிற டீ. அதை லபெட்யே என்கிறோம். கண்டென்ஸ்டு பாலும் இனிப்புச் சேர்க்காத சுண்டிய பாலும் கலந்த, செம்மண் நிறத்தில் இருக்கும் டீ. இதில் கணக்குகள் நிறைய உண்டு. இனிப்பும் பாலும் தூக்கலாக வேண்டுமென்றால் சோ செய்ன், டிகாக்‌ஷன் தூக்கலாக வேண்டுமென்றால் கியா செய்ன், எதுவும் சொல்லத் தோன்றாவிட்டால் போன் மான். பர்மாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த லபெட்யேயைத்தான் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் எனக்கு அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் கெண்டியின் மேல்தான் ஆசை. ஒரே மேசையில் இருக்கும் இந்த இரண்டு தேநீரும் வெவ்வேறு வழியில் இங்கே வந்தவை. ஒன்று கெண்டியோடு மலை இறங்கி வந்தது. இன்னொன்று கப்பலேறி வந்தது, அதற்குக் கெண்டியே தேவைப்படவில்லை. அந்தக் கப்பலில்தான் நம் ஆட்களும் வந்தார்கள்.

கெண்டியிலிருந்து தொடங்குகிறேன்.

தேநீருக்குக் கெண்டி என்பது ஆதியிலிருந்தே இருந்தது போல நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. சீனாவில் எட்டாம் நூற்றாண்டில் லூ யூ தேநீரைப் பற்றித் தனி நூலே எழுதிய காலத்தில், தேயிலையை இடித்து வில்லையாக்கிக் காய வைத்திருப்பார்கள். அதை வாட்டி, பொடித்து, சட்டித் தண்ணீரில் உப்புப் போட்டுக் காய்ச்சுவார்கள். அடுத்து வந்த சோங் அரசர்கள் காலத்தில் மாவு போலப் பொடித்த இலையைக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் மத்தால் நுரை வரக் கலக்கினார்கள். ஜப்பானியர்கள் மாட்சா என்று இன்றும் செய்வது அதன் வழியில் வந்ததுதான். இந்த இரண்டு முறையிலும் இலையை ஊற வைத்து வடிக்கும் பாத்திரத்துக்கு வேலை இல்லை.

மாற்றம் 1391இல் வந்தது. மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வூ பேரரசர் வறுமையில் பிறந்து வளர்ந்தவர். அரண்மனைக்குக் காணிக்கையாக வந்துகொண்டிருந்த தேயிலை வில்லைகளைச் செய்ய மக்கள் படும் பாட்டைக் காரணம் காட்டி, இனி உதிரி இலையாகவே அனுப்பினால் போதும் என்று உத்தரவு போட்டார். உதிரி இலையை வெந்நீரில் ஊற வைக்கும் பழக்கம் அதற்கு முன்பும் அங்கங்கே இருந்தது. அரண்மனையே அதற்கு மாறியதும் நாடு முழுக்கப் பரவியது. இலை ஊற ஒரு வயிறு வேண்டும், சூடு போகாமல் இருக்க மூடி வேண்டும், இலையைப் பிடித்து நிறுத்தித் தண்ணீரை மட்டும் விட ஒரு மூக்கு வேண்டும். நாம் இன்று பார்க்கும் டீ கெண்டி அந்தத் தேவையில் பிறந்தது.

அதற்குப் பேர் வாங்கிய ஊர் யிசிங், ஜியாங்சு மாகாணத்தில் இருக்கிறது. அங்கே ஊதாவும் பழுப்பும் கலந்த ஒரு களிமண் கிடைக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோங் சுன் என்ற வேலைக்காரப் பையன், தன் எஜமானரோடு ஒரு கோவிலில் தங்கியிருந்தபோது, அங்கிருந்த துறவி பானை செய்வதைப் பார்த்து மிச்ச மண்ணில் கெண்டி செய்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். யிசிங் குயவர்களின் மரபுப்படி இந்த மண்ணைச் சக்கரத்தில் சுற்றுவதில்லை. பலகையால் தட்டித் தகடாக்கி, வளைத்து ஒட்டி உருவாக்குகிறார்கள். மேலே மெருகுப் பூச்சு கிடையாது. சுட்ட மண்ணின் நுண்துளைகள் தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஒரு கெண்டியில் ஒரே வகை இலையைத்தான் போடுவார்கள், சோப்புப் போட்டுக் கழுவ மாட்டார்கள். பல வருஷம் பழகிய கெண்டியின் மேல் தானாகவே ஒரு பளபளப்பு வரும். நம் வீடுகளில் பழகிய தோசைக்கல்லை வேறு எதற்கும் தொட விடாத அம்மாக்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நல்ல கெண்டிக்கு என்னென்ன லட்சணம் என்று குயவர்கள் சொல்வதைக் கேட்டால், இவ்வளவு சின்னப் பாத்திரத்துக்குள் இவ்வளவு யோசனையா என்று தோன்றும். மூக்கின் நுனி, கெண்டி வாயின் மட்டத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. இருந்தால் கெண்டி நிறைவதற்கு முன்பே மூக்கு வழியாக வழிந்துவிடும். யிசிங்கில் மூடியை எடுத்துவிட்டுக் கெண்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். மூக்கு, வாய், கைப்பிடி மூன்றும் பலகையில் ஒன்றாகப் படிந்தால் அது சரியாகச் செய்த கெண்டி. மூடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். தேநீர் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரும் வழி அதுதான். ஊற்றும்போது அந்தத் துளையை விரலால் அடைத்தால், மூடி நன்றாகப் பொருந்தும் கெண்டியில் தேநீர் சட்டென்று நின்றுவிடும். கடையில் கெண்டி வாங்கும்போது நான் இதைக் கட்டாயம் செய்து பார்ப்பேன், கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி. மூக்கு தொடங்கும் இடத்தில் உள்ளே சல்லடை போலத் துளைகள் இருக்க வேண்டும். வயிறு உருண்டையாக இருந்தால் சுருண்ட இலை விரிய இடம் கிடைக்கும். இதில் ஒன்று குறைந்தாலும் கெண்டி அலமாரியில் வைத்துப் பார்க்கத்தான் உதவும்.

ஐரோப்பாவுக்கு இந்தக் கெண்டி போன கதை நீளமானது, சுருக்கமாகவே சொல்கிறேன். 1610 வாக்கில் டச்சுக்காரர்கள் தேயிலையைக் கொண்டுபோனார்கள். தேயிலை எடை இல்லாத சரக்கு, ஈரம் பட்டால் கெட்டுப்போகும். அதனால் சீனப் பீங்கானைக் கப்பலின் அடித்தட்டில் பாரமாக அடுக்கி அதன் மேலே தேயிலைப் பெட்டிகளை வைத்தார்கள். இலையோடு கெண்டியும் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1670ஆம் வருடத்து வெள்ளிக் கெண்டி ஒன்று இருக்கிறது, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. பார்த்தால் அசல் காபிக் கூஜா, நெட்டையாக, கூம்பு மாதிரி. டீக்கு எந்த உருவம் பொருந்தும் என்று அவர்களுக்கு அப்போது பிடிபடவில்லை. ஜெர்மனியில் பெட்கர் என்பவரை அரசர் காவலில் அடைத்து வைத்துப் பீங்கான் ரகசியத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அவர் முதலில் செய்து காட்டியது யிசிங்கைப் பார்த்துச் செய்த சிவப்புக் கெண்டிகள். அப்புறம் வெள்ளைப் பீங்கான் பிடிபட்டு, 1710இல் மைசென் ஆலை தொடங்கியது. இங்கிலாந்தில் தேயிலை வரி 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக 1784இல் இறங்கிய பிறகு, பணக்காரர் பெட்டியில் பூட்டி வைத்த பொருள் கூலிக்காரர் வீட்டுக்கும் வந்தது.

இனி எங்கள் பக்கம்.

அஸ்ஸாமில் காட்டுத் தேயிலை இருப்பது ராபர்ட் புரூஸ் என்ற வெள்ளைக்காரருக்கு 1823இல் தெரிய வந்தது. சிங்போ மக்களின் தலைவர் பீசா காம் காட்டிக் கொடுத்தார். சிங்போக்கள் அதைக் காலங்காலமாகக் குடித்து வந்தவர்கள். அந்த வருடம் அஸ்ஸாம் யார் கையில் இருந்தது தெரியுமா? பர்மாவின் ஆவா அரசர் கையில். அடுத்த வருடமே முதல் ஆங்கில பர்மிய யுத்தம் மூண்டது. 1826 பிப்ரவரி 24ஆம் தேதி ஐராவதிக் கரையில் யண்டபோ என்ற ஊரில் உடன்படிக்கை கையெழுத்தானது. அரக்கான், தெனாசரிம், மணிப்பூர், அஸ்ஸாம் எல்லாம் பர்மாவின் கையை விட்டுப் போயின, கூடவே ஒரு கோடி ரூபாய் அபராதம். அஸ்ஸாம் தேயிலை 1839 ஜனவரியில் லண்டனில் ஏலம் போனது. யுத்தம் தேயிலைக்காக நடக்கவில்லை. ஆனால் அது முடிந்தபோது, உலகம் முழுக்க ஓடப்போகும் ஒரு தேயிலைத் தொழில் கைமாறியிருந்தது. யண்டபோ இன்றைக்கு மண்பானைக்குப் பெயர் பெற்ற ஊர். ஐராவதியில் படகில் போகிறவர்கள் கரையில் அடுக்கி வைத்த பானைகளைப் பார்க்கலாம்.

அஸ்ஸாமும் டார்ஜிலிங்கும் நீலகிரியும் வந்தன. இலங்கையில் 1869இல் காப்பிச் செடியில் துருநோய் விழுந்த பிறகு மலைச்சரிவெல்லாம் தேயிலை ஆனது, அதில் கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டுச் சனங்கள் போனார்கள். அதே மாவட்டங்களிலிருந்து அதே காலத்தில் பர்மாவுக்கு வந்தவர்கள் வயலுக்கும் துறைமுகத்துக்கும் அரிசி ஆலைக்கும் வந்தார்கள். செட்டியார்கள் வட்டித்தொழிலுக்கு வந்தார்கள். ரங்கூன் காளியம்மன் கோவில் 1871இல் தமிழர் கட்டியது. 1931 கணக்கெடுப்பில் இந்த நகரத்து மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். பால் ஊற்றிய டீ இங்கே வேரூன்றியது அந்தக் காலத்தில், இந்தியர்களின் கடைகளில். கூடவே சமூசாவும், பலாட்டா என்று இங்கே சொல்லும் பரோட்டாவும், நான் ரொட்டியும் வந்தன. சீனர்கள் தங்கள் பங்குக்கு ஈ கியா குவே என்ற எண்ணெய்ப் பலகாரத்தைக் கொடுத்தார்கள்.

ஒன்று கவனித்திருப்பீர்கள். தமிழ்நாட்டு வீடுகளில் டீ உண்டு, டீ கெண்டி இல்லை. இருந்தால் கல்யாணப் பரிசாக வந்து ஷோகேஸில் நிற்கும். இந்தியர்களை டீ குடிக்க வைக்கத் தோட்ட முதலாளிகள் பெரும் பாடு பட்டார்கள். 1903இல் தேயிலை மேல் தனி வரி போட்டு, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்தார்கள். ரயில் நிலையங்களில் பலகை வைத்தார்கள், ஊர் ஊராகப் போய்ப் போட்டுக் காட்டினார்கள். கெண்டியைச் சூடாக்கு, இலையைப் போடு, வெந்நீரை ஊற்று, ஊற விடு, அப்புறம் கொஞ்சமாகப் பால் சேர் என்பது அவர்கள் பாடம். நம் ஆட்கள் டீயை எடுத்துக்கொண்டார்கள், பாடத்தை விட்டுவிட்டார்கள். பாலையும் சர்க்கரையையும் தூளையும் ஒன்றாகக் கொதிக்க விட்டுத் துணியில் வடித்தார்கள். அப்புறம் 1930களில் அஸ்ஸாமில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திரம் வந்தது. சிடிசி என்று பாக்கெட்டில் போட்டிருப்பது அதைத்தான். அந்தக் குருணைத் தூள் சாயத்தையும் திடத்தையும் ஒரே கொதியில் கொட்டிவிடும். விரிவதற்கு இலை இல்லை, ஊறுவதற்கு நேரம் தேவையில்லை. கெண்டிக்கு என்ன வேலை?

பர்மாவில் கெண்டி பிழைத்துக்கொண்டதற்குக் காரணம், இங்கே தேயிலை வெள்ளைக்காரருக்கு முன்பே மலையில் இருந்தது. ஷான் மாநிலத்தின் வடக்கே நம்சான் மலைகளில் தாஆங் மக்கள், பலாவுங் என்றும் சொல்வார்கள், தலைமுறை தலைமுறையாகத் தேயிலை வளர்க்கிறார்கள். பகான் அரசர் அலாங்சித்து விதை கொடுத்தார் என்பது அவர்கள் ஐதீகம். பறித்த கொழுந்தில் ஒரு பங்கு வாட்டி உலர்த்தப்பட்டுக் கெண்டிக்கு வரும். இன்னொரு பங்கை ஆவியில் வேக வைத்து, உருட்டி, அழுத்தி மூடி மாதக்கணக்கில் புளிக்க விடுவார்கள். அதுதான் லபெட், தின்கிற தேயிலை. வறுத்த பட்டாணி, பூண்டு, வேர்க்கடலை, எள், உலர்ந்த இறால், எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசைந்தால் லபெட் தோ. பழத்தில் மாம்பழம், கறியில் பன்றிக்கறி, இலையில் லபெட் என்று பர்மியர்களிடம் ஒரு சொலவடை உண்டு. அந்தக் காலத்தில் வழக்கு முடிந்து தீர்ப்பை இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் சேர்ந்து உட்கார்ந்து லபெட் தின்பார்கள். நம் ஊரில் வெற்றிலை பாக்கு மாற்றுவது போன்ற மரியாதை அதற்கு. இவ்வளவு துவர்ப்பையும் எண்ணெயையும் தின்ற வாய்க்குப் பால் டீ சரிப்படாது. வெறும் தேநீர்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. காலையில் அம்மா சட்டியில் இஞ்சி தட்டிப் போட்டுப் பால் டீ கொதிக்க வைப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு நீலப் பூப்போட்ட சீனக் கெண்டியில் வெறும் தேநீர். ஐயா சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர், கடைசி வரை கைலியும் துண்டுமாக இருந்தவர். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் அவர் கை தானாகக் கெண்டியைத் தேடும். இதைப் பர்மியப் பழக்கம் என்று எங்கள் வீட்டில் யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

காரைக்குடியிலிருந்து மாமா மகன் வந்திருந்தபோது அவனை டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். கெண்டியைப் பார்த்ததும் மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், நாம கேக்கவே இல்லையே. இது பில்லுல ஏறுமா?"

"ஏறாதுடா. ஊத்திக் குடி."

"எவ்வளவு நேரம் உக்காரலாம்?"

"கெண்டி இருக்கிற வரைக்கும். தீந்தா வேற வரும்."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. டீ குடித்து முடித்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். நம் ஊர் டீக்கடை நின்று குடித்துவிட்டுப் போவதற்கு அமைந்தது, கிளாஸ் காலியானால் நமக்கு அங்கே வேலை இல்லை. ரங்கூனில் லபெட்யே தீர்ந்த பிறகுதான் பேச்சே தொடங்கும். கெண்டி மேசையில் இருக்கும்வரை ஒருவரையும் எழச் சொல்ல மாட்டார்கள். வேலை தேடுகிறவர், நிலம் பேசுகிறவர், பெண் பார்க்கப் பேசுகிறவர், பந்தாட்டம் பார்க்கிறவர் என்று எல்லாருக்கும் அந்தக் குட்டை ஸ்டூல்தான் இடம்.

அதனால்தான் ஆட்சியாளர்களுக்கும் டீக்கடை மேல் எப்போதும் ஒரு கண். பக்கத்து மேசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்த்துப் பேசுவது இந்த ஊரில் பழகிப்போன ஒன்று. 1988 மார்ச் 12ஆம் தேதி ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பக்கத்தில் சந்தா வின் என்ற டீக்கடையில், எந்தப் பாட்டைப் போடுவது என்று மாணவர்களுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கும் தகராறு வந்தது. ஒரு மாணவனை அடித்தவன் அதிகாரியின் மகன் என்பதால் விட்டுவிட்டார்கள். மறுநாள் மாணவர் போராட்டத்தில் போன் மா என்ற மாணவர் சுடப்பட்டு இறந்தார். அங்கிருந்து தொடங்கிய கோபம் ஆகஸ்ட் 8ஆம் தேதி நாடு முழுக்க வெடித்தது.

டீக்கடையைப் பற்றி எழுதும்போது அங்கே வேலை செய்யும் பையன்களை விட்டுவிட முடியாது. வாயால் முத்தச் சத்தம் கொடுத்துக் கூப்பிட்டால் ஓடி வருவார்கள், பத்து மேசைக் கணக்கை மனசிலேயே வைத்திருப்பார்கள். பலர் ஐராவதி டெல்டாவிலிருந்தும் வறண்ட பகுதிகளிலிருந்தும் வந்த சிறுவர்கள், பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவர்கள். விடிவதற்கு முன் எழுந்து கெண்டி கழுவுகிறவர்களும் அவர்கள்தான். காசில்லாமல் வருகிற அந்தத் தேநீருக்கு ஒரு பங்கு விலையை அவர்கள் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்தாமல் இருந்ததில்லை.

கெண்டிகள் குறைந்துகொண்டு வருகின்றன. பிளாஸ்க் உடையாது, சூடு ஆறாது, கடைக்காரருக்குச் சௌகரியம். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் காலையில் போட்ட இலை பிளாஸ்க்குக்குள் மத்தியானம் வரை வெந்துகொண்டே இருந்தால் கசப்பு ஒன்றுதான் மிஞ்சும். கெண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் புது வெந்நீர் ஊற்றும்போது ஒவ்வொரு ஊற்றுக்கும் ருசி மாறும். சென்னைக்குத் திரும்பிப் போன பர்மாத் தமிழர்கள் அத்தோ, மொய்ங்கா என்ற நூடுல்ஸ் பலகாரங்களைப் பர்மா பஜாருக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வழி செய்துகொண்டார்கள். இந்தக் கெண்டியை மட்டும் அங்கே நான் பார்க்கவில்லை. அத்தோ தின்றுவிட்டு ஒரு கோப்பை வெறும் தேநீருக்கு எனக்கு அவ்வளவு ஏக்கமாக இருந்தது.

நம்சான் 2023 டிசம்பரில் ராணுவத்திடமிருந்து தாஆங் கிளர்ச்சிப் படையின் கைக்குப் போனது. சண்டை நடக்கும் மலையிலிருந்து மூட்டையை இறக்குவது லேசான காரியம் இல்லை. கொழுந்து பருவத்துக்கு வரும், சண்டைக்காகக் காத்திருக்காது. பறித்தவர்களுக்கு அந்த வருடக் கூலி அந்தச் சில வாரங்களில்தான். கடையில் நம்சான் இலை கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குகிறேன்.

தமிழ்நாட்டில் இருக்கிறவர்கள் இதை நீலகிரிப் பச்சை இலையிலும் செய்து பார்க்கலாம். தூள் வேண்டாம், முழு இலையாக வாங்குங்கள். ஷோகேஸில் இருக்கும் கெண்டியை இறக்கி வெந்நீரில் அலசுங்கள். ஒரு கரண்டி இலை போதும். கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆற விட்டு ஊற்றி, இரண்டு நிமிடத்தில் முழுக்க வடித்துவிடுங்கள், இலை தண்ணீரில் நின்றால் கசக்கும். அதே இலையில் மூன்று தடவை கூட ஊற்றலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.